முப்பது அடி ஓடை

அருளப்பனுக்கு இரண்டு ஊர். ராஜபாளையத்தில் அவர் ஓடை அள்ளும் வேலைக்கு மேஸ்திரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓடையை ஒட்டிக் குடியிருக்கும் ஆள். நடுவில் பதினோரு கிலோமீட்டர் ரோடும் ஒரு பழைய மொபெட்டும். காலையில் மேஸ்திரியாகப் போய்ச் சாயங்காலம் குடியிருப்பவராகத் திரும்புவார். இருபத்திரண்டு வருஷமாக இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் நின்று விசாரித்துக்கொண்டதில்லை.

மேஸ்திரி என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு ஊரிலும் சில ஓடைகளைத் தூர்வாரும் வேலையை வைகுண்டராஜ் என்ற காண்ட்ராக்டர் எடுத்திருந்தார். அவரிடம் ஒரு சின்ன ஜேசிபி, இரண்டு டிராக்டர், ஒன்பது ஆட்கள். அந்த ஒன்பது பேரை ஏவுகிறவர் அருளப்பன். ஐம்பத்தேழு வயதில் அவருக்கு மிச்சமிருந்ததெல்லாம் தேய்ந்த முட்டியும், எந்தச் சோப்புக்கும் போகாத ஒரு வாடையும், யார் என்ன திட்டினாலும் "பார்ப்போம்ங்க" என்று சொல்லப் பழகிய வாயும்தான்.

அவர் வேலை ஓடை அள்ளுவது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அவர் வேலை படம் எடுப்பது.

ஓடை அடைத்துக்கொண்டால் முன்னெல்லாம் ஜனங்கள் நகராட்சி ஆபீஸ் வாசலில் வந்து சத்தம் போடுவார்கள். இப்போது போனிலேயே மனுப் போட்டுவிடுகிறார்கள். மனுவுக்கு ஒரு நம்பர் விழும். அந்த நம்பர் காண்ட்ராக்டருக்கு வரும். அவர் ஆள் அனுப்பி ஓடையை அள்ளி, அள்ளிய ஓடையின் படத்தை ஏற்றினால் நம்பர் மூடிக்கொள்ளும். மூடாத நம்பர் சேர்ந்தால் நோட்டீஸ் வரும். ஆகவே வைகுண்டராஜுக்கு வேண்டியது படம். ஓடை சுத்தமாவது அதற்குப் பிறகு வருகிற சமாச்சாரம், பெரும்பாலும் வராத சமாச்சாரம்.

ராஜபாளையத்தில் கருங்கல் ஓடை என்று ஒன்று. மேற்கே மலையில் மழை பெய்தால் அந்தத் தண்ணீர் ஊருக்குள் நுழைந்து கண்மாய்க்குப் போகிற வழி அது. நாளாவட்டத்தில் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வசதியாக ஓடைமேல் சிமெண்டுச் சிலாப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் சிலாப்மேல் பைக் நிற்கும். இன்னொருவர் சிலாப்மேல் இட்லிக் கடை. சிலாப்பைத் தூக்காமல் அடியில் அள்ள முடியாது. தூக்கினால் பாதி உடையும், மீதியைத் திருப்பிப் போட யாரும் வரமாட்டார்கள். இது எல்லோருக்கும் தெரியும். ஓடையை அள்ள வேண்டும் என்று மனுப் போடுகிற ஆளே, "எங்க வீட்டுச் சிலாப்பைத் தொடாம அள்ளிட்டுப் போங்க மேஸ்திரி" என்பார். அருளப்பன் ஆரம்பத்தில் வீடு வீடாகப் போய், "தூக்குவோம், நானே நின்னு திருப்பிப் போட்டுத் தாரேன்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆறு வீட்டில் தூக்கினார். ஒன்றைக்கூடத் திருப்பிப் போடவில்லை. சிமெண்டு கேட்டபோது வைகுண்டராஜ் அடுத்த மாதம் என்றார். அந்த அடுத்த மாதம் இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் போனார்.

சிலாப் இல்லாத இடம் அந்த ஓடையில் ஒன்றே ஒன்றுதான். முத்து முகம்மதுவின் சைக்கிள் கடைக்கு எதிரே ஒரு சின்னப் பாலம். பாலத்தை ஒட்டி முப்பது அடி நீளத்துக்கு ஓடை திறந்து கிடக்கும். ஜேசிபி அங்கே வந்து நிற்க வசதி. எந்தத் தெருவிலிருந்து மனு வந்தாலும் அருளப்பன் அந்த முப்பது அடியைத்தான் அள்ளுவார், அதைத்தான் படம் எடுப்பார். அதற்கு ஒரு தொழில் நுணுக்கம் இருந்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார வேண்டும். போனைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் முப்பது அடி முந்நூறு அடியாகத் தெரியும், முன்னும் பின்னும் அடைத்துக் கிடக்கிற சிலாப் பொந்துகள் தெரியாது.

இன்னொரு விதியும் உண்டு. படத்தில் ஓடைக்குள் ஆள் நிற்கக் கூடாது. ஒரு தடவை பாண்டிச்செல்வம் என்ற வேலையாள் இடுப்பளவு சாக்கடையில் நிற்கிற படம் தெரியாமல் ஏறிவிட்டது. செட்டியார்பட்டியிலிருந்து வருகிற ஆள் அவன், முப்பத்தைந்து வயது, சொன்னதைச் செய்கிறவன். அந்தப் படம் பேப்பரில் வந்தது. கழிவுநீரில் மனுஷனை எப்படி இறக்கலாம் என்று மேலிடத்தில் கேட்டார்கள். வைகுண்டராஜ் மூன்று மாதம் அலைந்தார். அன்றிலிருந்து ஆள் நிற்கிற படத்தைக் கண்டாலே அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஆட்கள் இறங்கத்தான் செய்தார்கள். படம் எடுக்கிற நேரத்துக்கு மட்டும் அருளப்பன் எல்லோரையும் கரையேறச் சொல்லிவிடுவார்.

முத்து முகம்மது இதையெல்லாம் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். மழைக்கு மழை அவர் கடைக்குள் சாக்கடை ஏறி டியூப், டயரெல்லாம் மிதக்கும். அவரும் மனுப் போட்டார். அவர் கடை வாசலையே படம் எடுத்து அவர் மனுவை மூடினார்கள்.

"மேஸ்திரி, என் கடை முன்னால மட்டும் அள்ளுதீக. வந்த தண்ணி எங்கிட்டுப் போகும்? குளம் மாதிரி இங்கனயே நிக்குது" என்று ஒரு நாள் கேட்டார்.

"பார்ப்போம் பாய்" என்றார் அருளப்பன்.

பார்க்கவில்லை. சாயங்காலமானால் மொபெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறவருக்குப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது.

அந்த அவசியம் இந்த வருஷம் ஆவணியில் வந்தது. அவர் மனைவி தேவகிருபைக்குச் சர்க்கரை. பதினெட்டு வருஷம் சத்திரப்பட்டிக்குப் போய்ப் பேண்டேஜ் துணி மடித்தவள். வலது காலில் வந்த புண் ஆறாமல் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஊருக்கெல்லாம் மடித்துப் போட்ட துணியை இப்போது தன் காலில் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். புண் மூட மூன்று மாதம் ஆகும். அதுவரை அழுக்குத் தண்ணீர் காலில் படவே கூடாது. பட்டால் அடுத்தது விரலோடு நிற்காது.

அவர்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இலுப்பை ஓடைக்கரையில். ஐப்பசி மழைக்கு வீட்டுக்குள் ஒரு சாண் சாக்கடை வருவது அங்கே வருஷாவருஷம் நடக்கிற விசேஷம். கட்டிலுக்குக் கீழே நாலு செங்கல் வைத்து உயர்த்திவிட்டு, இரண்டு நாள் அதன்மேலேயே குடித்தனம் செய்வார்கள். இந்தத் தடவை அது முடியாது. கக்கூஸுக்குப் போகவாவது அவள் காலைத் தரையில் வைக்க வேண்டும். கிருஷ்ணன்கோவிலில் அவள் தங்கை வீடு இருந்தது, மாடியில். இருபத்தோரு படி. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தேவகிருபை வேண்டாம் என்றாள்.

"மழைக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு. நீங்க ஊருக்கெல்லாம் ஓடை அள்ளுதீக. நம்ம வீட்டுக்குப் பின்னால ஒரு தடவை அள்ளச் சொல்லக்கூடாதா" என்றாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். அருளப்பனுக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வைகுண்டராஜிடம் நேரே கேட்டார். "ஆகட்டும்யா, பத்து நாள் பொறு, வண்டியை அனுப்புதேன்" என்றார் அவர். பத்து நாள் பொறுத்தார். வண்டி வரவில்லை. இன்னொரு பத்து நாள் போயிற்று. கடைசியில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அருளப்பன் தன் பெயரில் ஒரு மனுப் போட்டார். நம்பர் விழுந்தது. அதைக் காலண்டர் ஓரத்தில் எழுதிவைத்தார்.

ஐந்தாம் நாள் காலையில் போனில் செய்தி வந்தது. தங்கள் மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது, பணி முடிந்தது. கீழே படம்.

பின்வாசலைத் திறந்து பார்த்தார். இலுப்பை ஓடை நேற்றிருந்தபடியே இருந்தது. கல்யாண மண்டபத்து எச்சில் இலையும் பிளாஸ்டிக் டம்ளரும் மெத்தை போல மூடியிருக்க, அதன்மேல் ஒரு கோழி நடந்து போய்க்கொண்டிருந்தது. சிரிப்புத்தான் வந்தது அவருக்கு. ஏதோ ஓடையை எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று போனைத் தேவகிருபையிடம் கொடுத்தார்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு படத்தின் ஓரத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"இது நம்ம கூடைல்லா" என்றாள்.

பாலத்துக் கைப்பிடிச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் ஒரு ஒயர் கூடை தொங்கியது. நீலமும் மஞ்சளும். அவருக்கு மதியச் சோறு கொண்டுபோக அவள் பின்னியது. பிடி அறுந்த இடத்தில் சிவப்பு ஒயர் வைத்துக் கட்டியிருந்தாள். அந்தச் சிவப்பும் தெரிந்தது. இடத்தின் பெயர் வருகிற கீழ்ப்பட்டையை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள்.

"நீங்க எடுத்த படமா?"

"ஆமா."

"அங்க அள்ளியாச்சா?"

அருளப்பன் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் எத்தனையோ தடவை அவரைத் திட்டியிருக்கிறாள், அவர் ஆர்.சி., அவள் சி.எஸ்.ஐ. என்பதிலேயே ஆயிரம் சண்டை வந்திருக்கிறது. எந்தத் திட்டும் இந்த மௌனம் மாதிரி அவரைச் சுட்டதில்லை. வெட்கமாக இருந்தது. மொபெட்டை எடுக்காமல் அன்றைக்கு வேலைக்கு மட்டம் போட்டார்.

வைகுண்டராஜுக்குப் போன் போட்டபோது அவர் சிரித்தார். "நம்ம ஆளே நம்மமேல மனுப் போட்டா எப்படிய்யா அருளப்பா? நோட்டீஸ் வந்துரும்னு மூடச் சொன்னேன். உன் படம்தான் பாக்க நல்லா இருக்கு. விடு, பொறவு வண்டியை அனுப்புதேன்."

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸுக்குப் போனார். மனுக்களைப் பார்க்கிற அம்மாவின் மேஜையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நடுவில் அவர் பேச்சைப் பொறுமையாகவே கேட்டாள். காண்ட்ராக்டர் ஏற்றிய படத்தில் ஓடை சுத்தமாக இருக்கிறது, இது வேறு ஊர் என்றால் அந்த இடத்துக்காரர் யாராவது வந்து எழுதிக் கொடுக்கட்டும், அன்றைக்கே மனுவைத் திரும்பத் திறக்கிறேன் என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்த இடத்துக்காரர் யார் என்பதுதான் அருளப்பனுக்கு இடித்தது.

மறுநாள் சைக்கிள் கடைக்குப் போனார். முத்து முகம்மது ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அருளப்பன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மனைவியின் கால், மனு, படம், கூடை. சொல்லி முடிக்கும்வரை சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதே இடத்துப் படத்தை வச்சுத்தான என் மனுவையும் மூடுனீக" என்றார் முத்து முகம்மது.

"ஆமா பாய்."

"மூணு தடவை."

"நாலு தடவை" என்றார் அருளப்பன். "ஒண்ணு உங்க மகன் அன்சார் பேர்ல வந்துச்சு."

முத்து முகம்மது ஸ்பானரைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று அருளப்பன் காத்திருந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை போலிருந்தது. அவரோ களைத்துப்போன ஆள் மாதிரி எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார்.

"போன வருஷம் மழையில சாக்கடைத் தண்ணிக்குள்ளதான் நின்னு வியாபாரம் பாத்தேன் மேஸ்திரி. கால்ல சொறி வந்துச்சு, நாலு மாசம். ஒங்க வீட்டம்மாவுக்கு அது தாங்காது." துணியை ஆணியில் மாட்டினார். "வாரேன். நாளைக்கு மத்தியானம் லுகர் தொழுதுட்டு வாரேன்."

சொன்னபடி பஸ் ஏறி வந்தார். ஆபீஸில் படத்தைப் பார்த்தார். ஓரத்தில் பாதி விழுந்திருந்த தன் கடைக் கதவைக் காட்டி, எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா மனுவைத் திறந்துவிட்டு, போகிற போக்கில்தான் கேட்டாள்.

"அப்ப ராஜபாளையத்துல உங்க ஓடை சுத்தமாத்தான் இருக்கு?"

முத்து முகம்மது தலையைத் திருப்பி அருளப்பனைப் பார்த்தார். "அதை இவியகிட்டயே கேளுங்கம்மா. எடுத்தது இவியதான்."

ஒரு வார்த்தை, ஆமாம் என்று சொன்னால் போதும். மேஸ்திரி வேலை நிலைக்கும், வீட்டு ஓடையும் திறந்த நம்பராகிவிட்டது. அருளப்பன் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரத்தில் முத்து முகம்மதுவின் செருப்பு கிடந்தது. இரண்டு இடத்தில் தைத்த செருப்பு.

"முப்பது அடி சுத்தமா இருக்கும்மா" என்றார். "மிச்சத்தை நான் அள்ளலை. பத்து வருஷமா அள்ளலை. இந்த முப்பது அடியை வச்சு எத்தனை நம்பரை மூடுனேன்னு எனக்கே கணக்கில்ல."

அந்த அம்மா பேனாவைக் கையிலெடுத்து எழுத ஆரம்பித்தாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுவரை நடந்தார்கள். காலேஜ் பஸ்கள் வரிசையாக ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. டீ குடிக்கலாமா என்று அருளப்பன் கேட்டார். கடை பூட்டிக் கிடக்கு என்று சொல்லிவிட்டு முத்து முகம்மது பஸ் ஏறினார்.

வைகுண்டராஜ் அன்று சாயங்காலமே கூப்பிட்டார். திட்டவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். இருபத்திரண்டு வருஷம் ஒரு நிமிஷப் போனில் முடிந்தது. அருளப்பன் "சரிங்க" என்றார். பார்ப்போம்ங்க என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

நாலாம் நாள் காலையில் ஜேசிபி வந்தது. கூடவே ஐந்து ஆட்கள், கையில் போனோடு பாண்டிச்செல்வம். அவன்தான் இப்போது மேஸ்திரி. அருளப்பன் முகத்தைப் பார்க்க அவன் கூசினான். மேற்கே மலை கறுத்துக் கிடந்தது. அய்யனார் கோவில் பக்கம் நேற்றே நல்ல மழையாம்.

அருளப்பன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாலமும், பாலத்தை ஒட்டித் திறந்த ஓடை முப்பது அடியும் இருந்தது. அதற்குக் கீழே பதினோரு வீட்டுச் சிலாப். பதினோரு சிலாப்பையும் தாண்டிக் கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாய்ப் பாலம். அடைப்பு அந்தக் குழாயில்தான். ஜேசிபி திறந்த இடத்தை ஒரு மணி நேரத்தில் அள்ளி, குப்பையைக் கரையில் குவித்தது. ஓடை கண்ணாடி மாதிரி ஆயிற்று. தண்ணீர் மட்டும் போகாமல் முழங்கால் ஆழத்துக்கு நின்றது. போக வழியில்லையே.

டிரைவர் எஞ்சினை அணைத்தான். பாண்டிச்செல்வம் பாலத்தில் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, போனைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தான். அப்படியே அருளப்பன் பிடிக்கிற பிடி.

பின்வாசலில் தேவகிருபை ஸ்டூல்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டு வெள்ளையாக இருந்தது. அன்று காலையில்தான் மாற்றியிருந்தாள். அருளப்பன் அதை ஒரு தடவை பார்த்தார். மடித்துக் கட்டிய வேட்டியை இன்னும் ஏற்றிக் கட்டினார். கரையைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலியோடு மெதுவாக ஓடைக்குள் இறங்கி, முப்பது அடியின் நட்டநடுவில் போய் நின்றார்.

"அண்ணாச்சி, என்ன இது? மேல வாங்க. செத்த நேரம், ஒரே ஒரு படம்."

"எடு. என்னையும் சேத்து எடு."

"ஆள் நிக்கிற படத்தை எப்படி ஏத்துறது? நீங்கதான சொன்னீக, ஆள் தெரியக் கூடாதுன்னு."

"அதான் நிக்கேன்."

பாண்டிச்செல்வம் வைகுண்டராஜுக்குப் போன் போட்டான். அந்தப் பக்கத்துச் சத்தம் ஓடைவரை கேட்டது. இவன் இரண்டு தடவை, "அவிய வர மாட்டேங்காக" என்றான். பிறகு, "பிடிச்சு இழுத்தா விழுந்துருவாக, அதை எவனாவது வீடியோ எடுத்துருவான்" என்றான். தெருவில் நாலைந்து பேர் ஏற்கெனவே போனைத் தூக்கியிருந்தார்கள். அந்தப் பக்கத்துச் சத்தம் குறைந்தது.

"குழாய் வரைக்கும் அள்ளச் சொல்லிட்டாக" என்றான் பாண்டிச்செல்வம், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "ஆனா சிலாப்பத் தூக்கணுமே அண்ணாச்சி. மொதச் சிலாப்பு உங்களுது."

அது உண்மை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அருளப்பன் தன் கையால் போட்ட சிலாப். துவைக்கிற கல்லை அதன்மேல்தான் பதித்திருந்தார். ஊரையெல்லாம் குறை சொன்ன மேஸ்திரியின் வீட்டுச் சிலாப்.

"தூக்கச் சொல்லுங்க" என்றாள் தேவகிருபை ஸ்டூலிலிருந்து.

தூக்கினார்கள். துவைகல்லோடு சேர்ந்து இரண்டாகப் பிளந்தது. அடுத்த வீட்டு நாச்சியார் தன் சிலாப்மேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அறுபது வயசிருக்கும், யார் சொல்லையும் லேசில் நம்பாதவள்.

"எங்க சிலாப்பத் தூக்குனா திருப்பிப் போட்டுத் தருவாகளா?" என்று ஓடைக்குள் நின்றவரைக் கேட்டாள்.

அருளப்பன் வாயில் பழைய வாக்கு வந்து நின்றது. அதை விழுங்கினார். "போட மாட்டாகம்மா. ஒடைஞ்சும் போகும். தூக்கலைன்னா இன்னைக்கு மழைக்குத் தண்ணி என் வீட்டுக்குள்ள வந்துட்டு, அடுத்தது உங்க வீட்டுக்குத்தான் வரும்."

நாச்சியார் அவரையும், பின்வாசலில் தெரிந்த வெள்ளைக் கட்டையும் பார்த்தாள். பிறகு சிலாப்மேல் இருந்த துளசித் தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். அதற்குப் பிறகு ஐந்து வீட்டில் சம்மதித்தார்கள். நாலு வீட்டில் முடியவே முடியாது என்றுவிட்டார்கள். அங்கேயெல்லாம் நீளக் கம்பியை விட்டுக் குத்திக் குத்தி இழுத்தார்கள். எல்லோரும் ஒரு நாளில் திருந்திவிடுகிற ஊர் எங்கேயும் கிடையாது.

அருளப்பன் ஏறவில்லை. ஏறினால் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வெயில் ஏறியது. முட்டி உளைந்தது. நாற்றம் புதிதாகப் படுகிற மாதிரி தலையைச் சுற்றியது. தேவகிருபை நாச்சியாரிடம் ஒரு செம்பில் பழஞ்சோற்று நீத்தண்ணி கொடுத்துவிட்டாள். அதைக் கரையிலிருந்தே நாச்சியார் அவர் வாயில் ஊற்றினாள்.

மதியம் இரண்டு மணிக்குமேல் மண்டபத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. குழாய் வாய் திறந்துகொண்டு தண்ணீர் இழுக்கிற சத்தம். யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. முழங்காலில் நின்ற தண்ணீர் கெண்டைக்காலுக்கு இறங்கியது. பிறகு கணுக்காலுக்கு. பிறகு அவர் பாதம் தெரிந்தது, சேறு படிந்து, ஐந்து விரலும் முழுசாக.

பாண்டிச்செல்வம் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். சோப்பும் வாளித் தண்ணீரும் கொண்டுவந்து தானே ஊற்றினான். தூறல் போட ஆரம்பித்திருந்தது.

"நாளைக்கு எங்கலே வேலை?" என்று கேட்டார் அருளப்பன்.

"ராஜபாளையம், அண்ணாச்சி. நீங்க மூடுன நம்பர் எல்லாத்தையும் தொறந்துட்டாகளாம். சைக்கிள் கடைப் பாலத்துக்கு ஒம்பது மணிக்கு வண்டி கொண்டுபோகச் சொல்லியிருக்கு." அவன் குரல் தாழ்ந்தது. "படம் எடுத்துட்டு உடனே ஏத்தச் சொன்னாக."

அருளப்பன் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் பின்வாசல் படியில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். போனை எடுத்து முத்து முகம்மதுவைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"பாய், நாளைக்கு ஒம்பது மணிக்கு வண்டி வருது. ஒங்க வாசல்ல முப்பது அடி அள்ளுவாக. அள்ளி முடிச்சதும் கடையைச் செத்த நேரம் சாத்திட்டு, உள்ள இறங்கி நில்லுங்க. மேல வரச் சொல்லுவாக. வராதீக. நான் எட்டரைக்கே வந்துருதேன். உங்களுக்கு முன்னால நான் நிப்பேன்."